பாடை கவிழ்ந்த பிறகு

நவம்பர் 17, திங்கள்

அரசாங்க டைரியில் இன்று எழுதியது மூன்று வரி. மழை. கூரை வீடு பகுதி சேதம் 3. கால்நடை இழப்பு இல்லை. மேலே இருப்பவர்களுக்கு அவ்வளவு போதும். அதில் எழுத முடியாததை எழுதத்தான் இந்த நோட்டு. படிக்க ஆள் இல்லாததால் கொஞ்சம் எரிச்சலாகவும் எழுதிக்கொள்ளலாம்.

கிராம நிர்வாக அலுவலராக வந்து பதினேழு வருஷம், மேலப்பரவைக்கு வந்து நாலு வருஷம். ஆபீஸ் கூரை ஒழுகுகிறது. பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் புத்தகங்களை பீரோவின் மேல் தட்டுக்கு மாற்றினோம். நான் எடுத்துக் கொடுத்தேன், வேம்பையன் ஏற்றி வைத்தார். அவர் என் கிராம உதவியாளர். ஊர் இன்னும் தலையாரி என்றுதான் சொல்கிறது. காலனிக்காரர், என்னை விட ஆறேழு வயது பெரியவர். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அவரை வாடா போடா என்றார்கள். நான் "வாங்க" என்றதும் முதல் மாதம் முழுக்க யாரைச் சொல்கிறேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இன்று அவர் பூந்தி வாங்கி வந்தார். மகள் பொன்மலர் குரூப் ஃபோர் பாஸ் பண்ணி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. இளநிலை உதவியாளர். இனி ஆர்டர் வர வேண்டும், சேர்வதற்குள் போலீஸ் விசாரணை முடிய வேண்டும், அவ்வளவுதான். "அது ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா, எங்க மேல என்ன கேஸா இருக்கு" என்றார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இரண்டு பிடி தின்றேன்.

நவம்பர் 19, புதன்

வேம்பையனின் சின்னம்மா கோசலை காலையில் இறந்துவிட்டார். தாய் இல்லாத அவரை வளர்த்தவர்.

காலனியின் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். போகிற வழி வயல் வரப்பு. இப்போது அங்கே மார்பளவு தண்ணீர். மேலத்தெரு வழியாகப் போனால் பத்தே நிமிஷம், சிமெண்டு ரோடு, பஞ்சாயத்துப் போட்டது. அதில் ஆடு போகலாம், அறுப்பு மிஷின் போகலாம், காலனிப் பிணம் மட்டும் போகக் கூடாது. ஜூலையில் இதற்காக மனு கொடுத்தார்கள். பொன்மலர் முத்து முத்தாக எழுதி, இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பரிந்துரை எழுதி தாலுக்கா ஆபீசுக்கு நான்தான் அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. இதற்கு முன்னால் கொடுத்த மனுக்களும் அங்கேதான் எங்கேயோ இருக்கின்றன.

மேலத்தெருவில் போய்ப் பேசினேன். பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். "மழைன்னு ஒரு தடவை விட்டா அதுவே பழக்கமாயிடும் மேடம். நாங்க ஒண்ணும் சாதி பாக்கறவங்க இல்ல. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு, பயந்துக்கும்." அவர்கள் வீட்டுப் பிணங்களும் அதே தெரு வழியாகத்தான் போகின்றன. குழந்தைகள் அவற்றுக்குப் பயப்படுவதில்லையா என்று கேட்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன். நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண், இரண்டு பக்கமும் இல்லாதவள். இதை ஒரு தகுதி மாதிரி பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நவம்பர் 20, வியாழன்

மறியல். நேரத்தோடு எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தாசில்தாருக்கு போன் செய்திருப்பதால் நேரம் போனிலேயே இருக்கிறது.

9.40. மெயின்ரோடு முக்கூட்டில் பாடையை இறக்கி வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். நூற்றைம்பது பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள். பாடை மேல் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. தூறல். "நீங்க ஸ்பாட்லயே இருங்க" என்றார் தாசில்தார்.

வேம்பையனும் கூட்டத்தோடு வந்திருந்தார். அவரைத் தனியே கூப்பிட்டேன். "நீங்க அரசாங்க ஊழியர். அங்க உக்காந்தீங்கன்னா நாளைக்கே சஸ்பெண்ட். என் பக்கத்துல நில்லுங்க, டூட்டியில இருந்ததா ஆயிடும்." தலையாட்டினார். என் கையில் பையும் போனும் இருந்ததால் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். வளர்த்தவளின் பாடை பதினைந்து அடி தள்ளி இருந்தது, இவர் புளியமரத்தடியில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மணி நேரம். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

10.30. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இறங்கி வந்து, "உங்க பிரச்சினைக்கு நாங்க என்ன பண்ணினோம்?" என்று கேட்டாள். நியாயம்தான். உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "எங்க பிரச்சினைக்கு நாங்க என்ன பண்ணினோம் தாயி?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

11.20. ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. முதலில் எழுந்தது பொன்மலர். "தூக்குங்க, தூக்குங்க" என்றாள். நாலு பேர் பாடையை ஓரமாகத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் போனதும் மறுபடி அதே இடத்தில் வைத்து உட்கார்ந்தார்கள்.

12.40. இன்ஸ்பெக்டர் வேனோடு வந்தார். ஐந்து நிமிஷம் என்றார். அடைக்கலம் எழுந்து, "ஆர்.டி.ஓ. வந்து ஒரு வார்த்தை சொன்னா கலைஞ்சிடறோம் சார்" என்றார். அவர்தான் காலனிக்குப் பெரியவர்.

12.45. தடியடி. பெண்கள் எழுவதற்குள் அடி விழுந்தது. யார் கால் பட்டதோ, லத்திதான் பட்டதோ, பாடை கவிழ்ந்தது. கோசலையின் உடம்பு ஈரத் தாரில் முகம் குப்புற விழுந்தது. ஒரு கணம் போலீஸ்காரர்கள் உட்பட எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

பிறகு ஒரு கல் பறந்து போய் பஸ் கண்ணாடியில் விழுந்தது. சில்லு தெறித்து கண்டக்டருக்குக் கையில் நல்ல வெட்டு. ஐந்து தையல் போட்டார்களாம், பாவம். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. கூட்டம். எனக்குத் தலை நனைந்துபோயிருந்தது, குடை கீழே கிடந்தது. அதற்குப் பிறகுதான் கண்மண் தெரியாத அடி, ஓட்டம்.

மூன்று மணிக்கு போலீஸ் காவலோடு உடம்பை எடுத்துப் போனார்கள். வயல் தண்ணீர் வழியாகத்தான்.

ஐந்து மணிக்கு ஸ்டேஷன். புகார் ஏற்கனவே டைப் ஆகி இருந்தது. "வழக்கம்தானே மேடம். இந்த மாதிரி கேஸ்ல கம்ப்ளைண்ட் வி.ஏ.ஓ. பேர்லதான் போடுவோம்." எனக்கும் தெரிந்த வழக்கம்தான், பழைய ஊரில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். மேலப்பரவை கிராம நிர்வாக அலுவலர் மங்கையர்க்கரசி ஆகிய நான் என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். ஈரப் புடவையோடு நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். வேறு சில தாள்களும் கேட்டார், பையில் இருந்ததைக் கொடுத்தேன். ஆறு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

பேப்பரில் மூன்றாம் பக்கம். மேலப்பரவையில் கலவரம், பஸ் மீது கல்வீச்சு, கண்டக்டர் படுகாயம், 22 பேர் மீது வழக்கு. பிணம் என்ற சொல் செய்தியில் எங்கேயுமே இல்லை. எதற்காக உட்கார்ந்தார்கள் என்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் சந்தானம் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "போராடட்டும், வேணாங்கல. மனு குடு, உண்ணாவிரதம் இரு. ரோட்ட ஏன் மறிக்கணும்? கல்ல எடுத்தப்புறம் அது போராட்டமா அரசி? கலவரம்தானே?"

"ஒரு கல்லுங்க."

"ஒண்ணா இருந்தா என்ன, நூறா இருந்தா என்ன?"

அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நேற்றைக்கு முன்தினம் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். சட்னியில் உப்பு இல்லை என்றார். எடுத்து வைத்தேன்.

நவம்பர் 22, சனி

விடிந்ததும் பதினேழு பேரைக் கைது செய்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது, புகார்தாரர் அல்லவா. பயங்கர ஆயுதங்களுடன் சட்டவிரோதமாகக் கூடி, கலகம் விளைவித்து, பொதுச்சொத்தைச் சேதப்படுத்தி, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்து. தடுக்கப்பட்ட அந்த அரசு ஊழியர் நான்தானாம். எனக்குக் குடையே பிடித்தார்கள்.

இருபத்திரண்டு பேர், மற்றும் பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய இருநூறு பேர். ஆறாவது பெயர் பொன்மலர், வயது 25, த/பெ வேம்பையன்.

நவம்பர் 24, திங்கள்

வேம்பையன் வேலைக்கு வந்துவிட்டார். வர மாட்டார் என்று நினைத்திருந்தேன், வராவிட்டால் நல்லது என்றும் நினைத்திருந்தேன். பெருக்கினார், தண்ணீர்க் குடம் நிரப்பினார், டீ வாங்கி வந்தார். வலது கையில் கிளாஸைப் பிடிக்க முடியாமல் இடது கையில் கொடுத்தார். தோளில் லத்தி அடியாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"பொன்மலர் எப்படி இருக்கு?"

"பாக்க விடலம்மா. வியாழக்கிழமை விடுவாங்களாம்."

பிற்பகல் இறப்புப் பதிவேட்டில் கோசலையின் பெயரை ஏற்றினேன். பக்கத்தைத் திருப்பும்போது செப்டம்பர் 3, ராசாங்கம், வயது 61, மாரடைப்பு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. காலனி ராசாங்கம். முதல் தகவல் அறிக்கையில் பதினோராவது குற்றவாளி.

இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "அப்ப அவரு தம்பின்னு திருத்திடறோம் மேடம். நல்லவேளை சொன்னீங்க." ராசாங்கத்துக்குத் தம்பி இருக்கிறாரா என்று அவர் கேட்கவே இல்லை. பதினான்காவது ஆள் ஆகஸ்டிலிருந்து திருப்பூரில் இருக்கிறான். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு தம்பியைக் கண்டுபிடிப்பார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு. முழங்கால் வலி. வேம்பையன் வரப்பில் எனக்கு முன்னால் நடந்து ஆழம் பார்த்துச் சொன்னார்.

டிசம்பர் 1, திங்கள்

வேம்பையன் மகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இளைத்துவிட்டாளாம். மற்றபடி தைரியமாக இருக்கிறாளாம். "எதுவும் பேச மாட்டேங்குதும்மா. அப்பா நீ வேலைய விட்டுடாத, விட்டுடாதன்னு அதையே சொல்லுது."

டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வக்கீல் ஒண்ணு சொன்னாரும்மா" என்றார். "எஃப்.ஐ.ஆர்.ல பேரெல்லாம் மனுவுல போட்ட வரிசையிலயே இருக்காம். மொதல்ல அடைக்கலம், ரெண்டாவது அவரு மருமவ, அப்பிடியே இருவத்திரெண்டு வரைக்கும். செத்துப்போன ராசாங்கம் உள்பட."

"தாலுக்கா ஆபீஸ்லேர்ந்து போயிருக்கும்" என்றேன்.

"ஆமாம்மா. அங்கேர்ந்துதான் போயிருக்கும்."

கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். அது சுத்தமாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

பொன்மலருக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஊரே உள்ளே இருக்கும்போது தபால்காரர் மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறார். வேம்பையன் கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார், படித்துச் சொன்னேன். டிசம்பர் 31-க்குள் சேர வேண்டும். போலீஸ் நற்சான்று இருக்க வேண்டும். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் நியமனம் ரத்து.

"வேற தேதி கேக்கலாமாம்மா?"

கேட்கலாம், தரமாட்டார்கள். நாலு வருஷம் படித்தாள். இந்த ஆபீஸ் மேஜையிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்திருக்கிறாள், சாவி நான்தான் கொடுத்தேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஜாமீன். பதினெட்டு நாள். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

டிசம்பர் 11, வியாழன்

பஸ் ஸ்டாப்பில் பொன்மலர் நின்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். நான் வேறு பக்கம் பார்த்திருக்கலாம், பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் மேடம் என்றாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"ரோட்ட மறிக்காம இருந்திருக்கலாமேம்மா. பஸ்ல இருந்தவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாங்க?"

அவள் கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தாள். "ஒண்ணும் பண்ணல மேடம். ஆறு வருஷமா மனு குடுத்தோம். அதுல நாலு நான் எழுதினது. அப்பல்லாம் இது கலவரமா போராட்டமான்னு யாராச்சும் கேட்டாங்களா? ஒண்ணுமே கேக்கல. உக்காந்தப்புறம்தான கேக்கறாங்க."

"கல்லு வீசினது தப்புதானே?"

"தப்புதான். கண்டக்டர் அண்ணனப் போய் பாத்துட்டு வந்தேன். எங்களத் திட்டல அவரு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "மூணு மணி நேரம் உக்காந்தோம். ஒரு நிமிஷத்துல ஒரு கல்லு. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பேரு வெச்சு, மூணு மணி நேரத்துக்கும் அதே பேருன்னுட்டாங்க."

பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

டிசம்பர் 15, திங்கள்

ஆர்.டி.ஓ. விசாரணை, காகிதத்தில் கோட்டாட்சியர். 17-ஆம் தேதி காலை பதினொன்று, யூனியன் ஆபீஸ் கூட்டம் நடக்கும் ஹால். தடியடி சரியா என்று கலெக்டர் கேட்டிருக்கிறார். முதல் சாட்சி நான்.

தாசில்தார் போனில் பேசினார். "புகார்ல இருக்கறத அப்படியே சொல்லிட்டு வந்துடுங்க. மாத்திச் சொன்னீங்கன்னா பொய்ப் புகார் குடுத்தது நீங்கன்னு ஆயிடும். இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு." மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இந்த நோட்டிலேயே நான் ஒளித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்குப் பயந்து என்று தெரியவில்லை. ஆகவே இப்போது எழுதிவிடுகிறேன். இருபதாம் தேதி இன்ஸ்பெக்டர் பெயர்கள் கேட்டார். மனுவை நான் மேலே அனுப்பிவிட்டேன் என்று தாசில்தாரிடம் காட்டுவதற்காக அதன் ஜெராக்ஸ் என் பையில் இருந்தது. அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு நினைவிருந்த பெயர்களைச் சொல்லச் சங்கடமாக இருந்தது, தாளைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அவர்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் செத்தார்கள் என்று நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. வழி கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களைக் கலவரக்காரர்கள் ஆக்கியது போலீஸ் இல்லை. நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பாடை கவிழ்ந்ததும் என் தலைக்கு மேல் இருந்த குடை போய்விட்டது. திரும்பினேன். வேம்பையன் குனிந்து நிமிர்ந்தார். அவர் கையைப் பார்த்தேன், கல் போன திசையையும் பார்த்தேன். அடுத்த நிமிஷமே குடையை எடுத்து மறுபடி எனக்குப் பிடித்தார். அன்றைக்கு அவர் மேல் எந்த லத்தியும் படவில்லை. தோள் எதனால் பிசகியது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 17, புதன்

கை வலிக்கிறது, ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

ஹாலில் கோட்டாட்சியர், டைப்பிஸ்ட், இன்ஸ்பெக்டர், இரண்டு பக்க வக்கீல்கள். காலனியிலிருந்து அடைக்கலமும் இன்னும் நாலைந்து பேரும். காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டதும் பொன்மலர் வீட்டுக்குப் போய்விட்டாளாம், வரவில்லை. சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தலையாரி வேலை. வாசலில் நின்று வேம்பையன் என் பெயரைக் கூப்பிட்டார். மேலப்பரவை மங்கையர்க்கரசி அம்மா என்று மூன்று தடவை. அவர் குரலில் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோட்டாட்சியர் மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். "புகாரை நீங்கதான் எழுதினீங்களா?"

"கையெழுத்துப் போட்டேன் சார். எழுதல."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரம்பித்தபின் நிறுத்தத் தோன்றவில்லை. போனை எடுத்து நேரம் நேரமாகச் சொன்னேன். உட்கார்ந்தது, ஆம்புலன்ஸ் போனது, ஐந்து நிமிஷம் கொடுத்தது, அடித்தது, பாடை கவிழ்ந்தது. ஆயுதம் பார்க்கவில்லை என்றேன். என்னை யாரும் தடுக்கவில்லை என்றேன். மனுவின் ஜெராக்ஸைக் கொடுத்தது நான் என்றும் சொன்னேன். அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்பட்டது மாதிரி இருந்தது.

"கல்வீச்சு நடந்ததா?"

"ஒரு கல்லு சார். பாடை கவுந்ததுக்கு அப்புறம்."

"முன்னாடி இல்லையே?"

"இல்ல சார். அப்புறம்தான்."

"வீசினது யாரு? இந்த இருபத்திரண்டு பேர்ல ஒருத்தரா?"

"கூட்டத்துல தெரியல சார்."

இன்ஸ்பெக்டர் தரப்பு வக்கீல் எழுந்தார். "மணிக்கணக்கு வரைக்கும் ஞாபகம் இருக்கு, ஆளு மட்டும் தெரியலையா? யாருன்னு தெரியாத வரைக்கும் இருபத்திரண்டு பேரும் பொறுப்புதான். கும்பல்ல ஒருத்தர் செய்தா எல்லாரும் செய்த மாதிரி, சட்டம் அதான்."

கோட்டாட்சியர் பேனாவை மூடிவைத்தார். "அது சரிதான். அப்ப வழக்கு அப்படியே இருக்கட்டும்னுதான் நான் எழுத முடியும்" என்றார்.

வேம்பையன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். யாரையோ கூப்பிட வருகிறார் என்று நினைத்தார்கள்.

"ஐயா, நான்தான் வீசினேன்."

"நீங்க யாரு?"

"தலையாரிங்க. கோசலை எங்க சின்னம்மா. கீழ விழுந்துடுச்சு, மூஞ்சி தரையில பட்டுச்சு. எனக்கு என்னாச்சுன்னே தெரியல. கையில கல்லு வந்துச்சு, அடிச்சிட்டேன். மத்தவங்க யாரும் எடுக்கலைங்க, உக்காந்துதான் இருந்தாங்க."

"இவரு ஆறாவது குற்றவாளியோட அப்பா சார்" என்றார் வக்கீல் சிரித்துக்கொண்டே. "பொண்ணுக்கு வேலை வந்திருக்கு. அதுக்காகச் சொல்றாரு."

கோட்டாட்சியருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். "போங்க, வெளியில நில்லுங்க" என்றார் பரிவாக.

வேம்பையன் போகவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மாவைக் கேளுங்க ஐயா. அம்மா பக்கத்துலதான் நின்னேன். அம்மா பாத்தாங்க."

கோட்டாட்சியர் என் பக்கம் திரும்பினார். நாலு வருஷமாக என் முகத்தை நேராகப் பார்க்காத வேம்பையன் இப்போது கண்ணை எடுக்கவே இல்லை. சொல்லுங்கம்மா, சொல்லிடுங்க என்று கெஞ்சுவது தெரிந்தது.

"பார்த்தேன்" என்றேன்.

டைப்பிஸ்ட் அடித்தார்.

டிசம்பர் 18, வியாழன்

பேப்பரில் இன்று முதல் பக்கம். மேலப்பரவை கலவரத்தில் கல் வீசியது அரசு ஊழியர், விசாரணையில் அம்பலம். ஆம்புலன்ஸ் இல்லை. நேரங்கள் இல்லை. பாடை இல்லை. என் பெயர் இருக்கிறது, கண்ணால் கண்ட சாட்சி என்று.

சந்தானம், "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு குளிக்கப் போனேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

கோட்டாட்சியர் அறிக்கையால் இருபத்திரண்டு பேரையும் விடுவித்துவிட்டார்கள். பொன்மலருக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. வேம்பையன் சஸ்பெண்ட், வெள்ளிக்கிழமையிலிருந்து சிறை. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் மாறுதலும். பொறுப்பை ஒப்படைக்க ஒரு வாரம்.

ஆபீஸை நானே பெருக்கினேன். மேலத்தெரு ரோட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். பிற்பகலில் பொன்மலர் வந்தாள். நாளைக்கு அவள் வேலையில் சேரக் கடைசி நாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அந்த அசட்டுத்தனத்தையும் எழுதத்தான் வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பாவ நீங்க நெஜமாவே பாத்தீங்களா மேடம், இல்ல அவரு கெஞ்சினாருன்னு சொன்னீங்களா?"

"பாத்தேம்மா."

"நானும்தான் பாத்தேன்" என்றாள். "பாடை கிட்டதான இருந்தேன். கல்லு வந்ததும் திரும்பிப் பாத்தேன், அப்பா. ஜெயில்ல வந்து வந்து கேட்டாங்க. கல்லு எறிஞ்சது யாருன்னு மட்டும் சொல்லு, ஒம் பேர எடுத்துடறோம், நீ பாட்டுக்கு வேலைக்குப் போன்னாங்க. பதினெட்டு நாளும் கேட்டாங்க. நான் சொல்லல."

"அவரேதான் சொல்லச் சொன்னாரும்மா. ஒனக்காக."

"எங்கப்பா சொல்லத்தான் செய்வாரு. அத யாரும் நம்பலியே. நீங்க சொன்னப்புறம்தான நம்பினாங்க."

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கட்டிவைத்திருந்த பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பாக்காததையெல்லாம் பாத்தேன்னு ஒன்றரைப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க மேடம். பாத்த ஒண்ண பாக்கலன்னு சொல்ல முடியலியா ஒங்களுக்கு?"

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. நாளைக்குக் காலையில் முதலில் அப்பாவைப் பார்க்க மனுப் போட வேண்டும், அது முடிந்து பன்னிரண்டு மணிக்குள் போய் வேலையில் சேர்ந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.